ஒளிவட்டம் இருக்கலாமா? ஐரோப்பாவின் கிறித்தவ மரபு குறித்த தகராறு

ஸ்லோவாக்கியா 2013-இல் இரண்டு யூரோ மதிப்பில் ஒரு நினைவு நாணயம் வெளியிட்டது. நம்முடைய பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே சிறியது. அதில் சிரில், மெத்தோடியஸ் என்ற இரு சகோதரர்கள் நிற்கிறார்கள். 863-இல் பைசாந்தியப் பேரரசிலிருந்து மொராவியாவுக்கு (இன்றைய செக், ஸ்லோவாக்கியப் பகுதி) போய், ஸ்லாவிய மக்களின் பேச்சுக்கு எழுத்து அமைத்து, அந்த மொழியிலேயே வழிபாடு நடத்தியவர்கள். அவர்கள் வந்து 1,150 ஆண்டுகள் நிறைந்ததற்கான நாணயம் அது.

நினைவு நாணயம் வெளியிடும் நாடு அதன் வடிவத்தை முன்கூட்டியே மற்ற உறுப்பு நாடுகளுக்குக் காட்ட வேண்டும் என்பது யூரோ விதி. காட்டியபோது ஆட்சேபம் வந்தது. இருவர் தலைக்கும் பின்னால் இருந்த ஒளிவட்டமும் மேலங்கியில் இருந்த சிலுவைக் குறிகளும் மத நடுநிலைக்குப் பொருந்தாது என்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் அதை எடுத்துச் சொன்னதும் ஸ்லோவாக்கியத் தேசிய வங்கி முதலில் தலையாட்டியது. உள்நாட்டில் கூச்சல் எழுந்தபின் மனம் மாறி, பழைய வடிவத்திலேயே உறுதியாக நின்றது. கடைசியில் ஒளிவட்டத்தோடுதான் நாணயம் வந்தது.

காப்பிக் கடையில் கைமாறும் சில்லறைக்கு இத்தனை சண்டையா என்று தோன்றலாம். ஆனால் "ஐரோப்பா கிறித்தவக் கண்டம்" என்று ஒரு தலைவர் பேசுவதும், "ஐரோப்பா மதச்சார்பற்றது" என்று இன்னொருவர் மறுப்பதும் செய்தியில் அடிக்கடி வருகின்றன. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகிறார்கள். குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் மூன்று சொற்கள்

1. கிறித்தவ நம்பிக்கை: இயேசு உயிர்த்தெழுந்தார் என்று ஏற்பது, ஞாயிறு வழிபாட்டுக்குப் போவது, குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பது. இது தனிமனிதரும் திருச்சபையும் சம்பந்தப்பட்டது.

2. கிறித்தவ மரபு: நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் வந்து சேர்ந்தவை. பேராலயங்கள், ஓவியங்கள், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் (Bach) இசை, நாட்காட்டி, ஊர்ப்பெயர்கள், மனிதர்களின் பெயர்கள். கடவுள் இல்லை என்பவரும் இதற்கு வாரிசு.

3. கிறித்தவ அடையாளம்: "நாங்கள் யார்" என்ற கேள்விக்குச் சொல்லும் பதில். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து இந்தப் பதில் மாறும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் "நான் கோயிலுக்கெல்லாம் போவதில்லை" என்பார்; வெளிநாட்டிலிருந்து வந்தவர் கேட்டால் "இது கிறித்தவ நாடு" என்பார். ஆள் ஒருவரேதான்.

கடந்த அரை நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் முதலாவது வேகமாகச் சுருங்கிவருகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைக் கிறித்தவர் என்று குறித்தவர்கள் 2011-இல் 59.3 விழுக்காடு, 2021-இல் 46.2 விழுக்காடு. முதன்முறையாகப் பாதிக்கும் கீழே போனது. ஜெர்மனியில் திருச்சபையில் இருப்பவர் வருமான வரியோடு கூடுதலாக, அந்த வரியில் 8 அல்லது 9 விழுக்காட்டைத் தேவாலய வரியாகக் கட்ட வேண்டும். விலக விரும்பினால் பாதிரியாரிடம் போக வேண்டியதில்லை. அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். 2022-இல் மட்டும் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் 5 லட்சத்துக்கும் மேல்.

இரண்டாவது அப்படியே நிற்கிறது. கல்லும் கண்ணாடியும் அவ்வளவு சீக்கிரம் கரைவதில்லை. மூன்றாவது, விந்தையாக, வளர்ந்திருக்கிறது. நம்பிக்கை வலுவாக இருந்த 1950-களில் எந்தத் தலைவரும் "நம் கிறித்தவ அடையாளத்தைக் காப்போம்" என்று மேடையில் முழங்கத் தேவைப்படவில்லை. அது காற்றைப் போல இருந்தது.

கண்டம் எப்படிக் கிறித்தவமானது

கிறித்தவம் ஐரோப்பாவில் பிறந்ததல்ல. மேற்காசியாவில் பிறந்து, ரோமப் பேரரசின் சாலைகள் வழியாக உள்ளே வந்தது. 313-இல் கான்ஸ்டன்டைன் காலத்தில் அதைப் பின்பற்ற அனுமதி கிடைத்தது. 380-இல் அது பேரரசின் மதமாக ஆணையிடப்பட்டது. அங்கிருந்து வடக்கும் கிழக்கும் மாற இன்னும் ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. போலந்தின் மன்னர் திருமுழுக்குப் பெற்றது 966-இல். இன்றைய உக்ரைனிலுள்ள கீவை ஆண்டவர் 988-இல். கடைசியாக வந்தது லித்துவேனியா, 1387-இல்.

தமிழ் வாசகர் இங்கே ஒரு கணம் நிற்கலாம். கொல்லத்தில் இருந்த தரிசாப்பள்ளி என்ற கிறித்தவக் கோயிலுக்கு வேணாட்டு ஆட்சியாளர் உரிமைகள் வழங்கிய செப்பேடு 849-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, வட்டெழுத்தில் இருக்கிறது. அதாவது போலந்து கிறித்தவ நாடாவதற்கு நூறாண்டுக்கும் முன்பே கேரளக் கரையில் சபைக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தாயிற்று. "கிறித்தவம் என்றால் வெள்ளைக்காரர் மதம்" என்று இங்கே சிலர் சொல்வதும், "கிறித்தவம் என்றால் ஐரோப்பா" என்று அங்கே சிலர் சொல்வதும் ஒரே தவறின் இரண்டு முனைகள்.

ஆனாலும் ஐரோப்பாவை ஒரு கண்டமாகக் கட்டியதில் திருச்சபைக்கு இருந்த பங்கை மறுக்க முடியாது. நிலவரைபடத்தில் பார்த்தால் ஐரோப்பா தனிக் கண்டமே அல்ல. ஆசியாவின் மேற்கு நீட்சி. ஊரல் மலையில் கோடு போட்டது மனிதர்களின் ஏற்பாடு. ரோம் விழுந்தபின் அந்த நிலப்பரப்பில் ஆளுக்கொரு மன்னர், ஊருக்கொரு மொழி. போர்ச்சுகலில் படித்தவரும் போலந்தில் படித்தவரும் ஒரே லத்தீனில் எழுதினார்கள், ஒரே விழாக்களைக் கொண்டாடினார்கள் என்றால் அதற்குக் காரணம் சபைதான். அவர்கள் தம்மைச் சொல்லிக்கொண்ட பெயர் "ஐரோப்பியர்" அல்ல, "கிறித்தவ உலகம்". மதப்போர்களில் களைத்தபின், 17, 18-ஆம் நூற்றாண்டுகளில்தான் அந்தப் பெயரின் இடத்தில் "ஐரோப்பா" என்ற பெயர் மெல்ல வந்து உட்கார்ந்தது. பழைய பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிய வீடு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கதையில் மூன்று விரிசல்கள் உண்டு.

1. கிறித்தவ ஐரோப்பா ஒன்றாக இருந்ததில்லை. 1054-இல் கிழக்கும் மேற்கும் பிரிந்தன. 1517-க்குப் பிறகு மேற்குச் சபையும் கத்தோலிக்கம், சீர்திருத்தம் என இரண்டாக உடைந்தது. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் ஜெர்மன் நிலம் பாழானது. சண்டை போட்டவர்கள் எல்லாரும் கிறித்தவர்கள். ஐரோப்பா மதச் சகிப்பைக் கற்றுக்கொண்டதே இந்தக் களைப்பில்தான் என்று சொல்வது மிகையாகாது.

2. மற்றவர்களும் அங்கேயே இருந்தார்கள். ஸ்பெயினில் கோர்தோபாவின் பெரிய மசூதி 8-ஆம் நூற்றாண்டில் எழுந்தது, 1236-இல் பேராலயமானது. இன்றும் உள்ளே போனால் சிவப்பும் வெள்ளையுமான வளைவுகளின் காட்டுக்கு நடுவே ஒரு முழுத் தேவாலயம் எழுந்து நிற்கும். அரிஸ்டாட்டிலின் நூல்களில் பல மேற்கு ஐரோப்பாவுக்கு 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரில் அரபு வழியாக வந்தன. போஸ்னியாவிலும் அல்பேனியாவிலும் வாழும் முஸ்லிம்கள் வந்தேறிகள் அல்லர். பல நூற்றாண்டுகளாக அந்த மண்ணின் மக்கள். யூதர்கள் இல்லாத ஐரோப்பியச் சிந்தனை வரலாறு எழுதவே முடியாது. அந்த யூதர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதும் இதே மரபின் பகுதி.

3. இன்று "ஐரோப்பிய விழுமியம்" என்று பட்டியலிடப்படும் பலவும் சபையோடு மல்லுக்கட்டி வந்தவை. பேச்சுரிமை, மணமுறிவு உரிமை, சபையின் பிடியிலிருந்து விடுபட்ட பள்ளிக்கல்வி. எதிர்த்தவர்களும் சபைப் பள்ளியில் படித்தவர்கள் என்பதால் அந்த எதிர்ப்பே கிறித்தவத்தின் பிள்ளை என்று வாதிடுவோர் உண்டு. வாதம் கெட்டிக்காரத்தனமானது, ஆனால் வென்ற பிறகு எதிரியின் வெற்றியையும் தன் கணக்கில் எழுதிக்கொள்வது போல இருக்கிறது.

தெரியாமலே கூட இருப்பது

அரசியலை விட்டுவிட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பாருங்கள். பிரான்சு தன் அரசமைப்பின் முதல் பிரிவிலேயே தன்னை மதச்சார்பற்ற குடியரசு என்று அறிவித்துக்கொள்கிறது. அதன் பொது விடுமுறை நாட்கள் 11. அவற்றில் ஆறு கிறித்தவ விழாக்கள்: ஈஸ்டர் திங்கள், இயேசுவின் விண்ணேற்பு, பெந்தெகொஸ்தே திங்கள், மரியாவின் விண்ணேற்பு, அனைத்துப் புனிதர் நாள், கிறிஸ்துமஸ். இவை எல்லாவற்றையும் ஒருசேர நீக்கக் கட்சிகள் எளிதில் துணிவதில்லை. புரட்சிக்காரர்கள் ஒருமுறை துணிந்தார்கள். 1793-இல் ஏழு நாள் வாரத்தையே ஒழித்து, பத்து நாளுக்கு ஒரு ஓய்வு என்று புதிய நாட்காட்டி கொண்டுவந்தார்கள். ஏழாம் நாள் ஓய்வுக்குப் பழகிய உழைப்பாளிக்கு இது சமத்துவமாகப் படவில்லை. கூலியில்லாத கூடுதல் வேலையாகப் பட்டது. 1806 தொடங்கும்போது பழைய நாட்காட்டியே திரும்பி வந்துவிட்டது.

ஜெர்மனியில் ஞாயிறு அரசமைப்பிலேயே இருக்கிறது. 1919-இன் வைமார் அரசமைப்பு ஞாயிற்றுக்கிழமையை "உழைப்பிலிருந்து ஓய்வுக்கும் உள்ளத்தின் உயர்வுக்கும்" உரிய நாளாகக் காத்தது. இன்றைய அடிப்படைச் சட்டம் அந்தப் பிரிவை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று பெர்லின் சட்டம் செய்தபோது சபைகள் வழக்குப் போட்டன. 2009 டிசம்பர் 1 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லாது என்றது. சபைகளின் பக்கம் நின்றவர்களில் கடை ஊழியர்களின் தொழிற்சங்கமும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது ஒரு நாள் ஓய்வு. அதற்குக் காவலாக நின்றது ஏழாம் நாள் ஓய்வு என்ற பழைய விவிலியக் கட்டளை. மரபு வேலை செய்யும் விதம் பெரும்பாலும் இதுதான். தொடங்கி வைத்தவரின் நோக்கம் மறந்துபோன பிறகும் பயன் நிற்கிறது.

பிரிட்டனில் இதைவிட நாடகத்தனமான காட்சி ஒன்று நடந்தது. 2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸ் முடிசூட்டிக்கொண்டது இங்கிலாந்துத் திருச்சபையின் ஆங்கிலிக்கச் சடங்கு. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அன்று விவிலியத்திலிருந்து, பவுல் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தை வாசித்தவர், அப்போதைய பிரதமர் ரிஷி சுனக். அவர் இந்து. ஏற்பாட்டாளர்களுக்கு அது முரணாகப் படவில்லை. பிரதமர் வாசிப்பது வழக்கம், யார் பிரதமரோ அவர் வாசித்தார்.

ஒரு முகவுரைக்காக இரண்டு ஆண்டுச் சண்டை

மேற்சொன்னவை எல்லாம் எழுதப்படாத வழக்கங்களாக இருந்தவரை சிக்கல் இல்லை. 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் தனக்கென ஓர் அரசமைப்பு எழுத உட்கார்ந்தபோது, "நாம் யார்" என்பதை முகவுரையில் எழுத வேண்டி வந்தது. குழுவின் தலைவர் பிரான்சின் முன்னாள் அதிபர் ஜிஸ்கார் தெஸ்தேன்.

2003 மே மாத வரைவு ஐரோப்பாவின் பண்பாட்டு, சமய, மனிதநேய மரபைச் சொன்னது. அந்த மரபை வளர்த்தவை என்று கிரேக்க, ரோம நாகரிகங்களையும் பகுத்தறிவை முன்வைத்த 18-ஆம் நூற்றாண்டு அறிவொளிக் காலத் தத்துவத்தையும் பெயர் சொல்லிக் குறித்தது. இடையில் கிடந்த ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு "ஆன்மிக உந்துதல்" என்று ஒரு மழுப்பல். கிறித்தவம் என்ற சொல் இல்லை. கிரேக்கத்தைச் சொல்லி, ரோமைச் சொல்லி, நேராக அறிவொளிச் சிந்தனையாளர் வால்தேர் காலத்துக்குத் தாவினால் யாருக்கும் கோபம் வரத்தானே செய்யும்? போலந்தும் இத்தாலியும் கொதித்தன. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் மீண்டும் மீண்டும் வேண்டுகோள் விடுத்தார்.

குழு கண்ட தீர்வு சுவையானது. கிறித்தவத்தைச் சேர்ப்பதற்குப் பதிலாகக் கிரேக்கத்தையும் ரோமையும் அறிவொளியையும் நீக்கிவிட்டார்கள். யாருக்கும் இல்லை என்றால் சண்டை இல்லை. வரைவின் தலையில் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸின் மேற்கோள் ஒன்று கொஞ்ச காலம் இருந்தது. இறுதி வடிவத்தில் அதுவும் போய்விட்டது.

இருதரப்பு வாதங்களையும் நேர்மையாக வைத்துப் பார்க்கலாம்.

1. சேர்க்கச் சொன்னவர்கள்: வரலாற்று உண்மையைச் சொல்வது மதப் பிரசாரம் ஆகாது. போலந்தின் 1997 அரசமைப்பு இதற்கு வழி காட்டுகிறது. உண்மைக்கும் நன்மைக்கும் ஊற்றாகக் கடவுளை நம்புவோர், நம்பாமல் அதே விழுமியங்களை வேறு ஊற்றுகளிலிருந்து பெறுவோர் என இருவரையும் அது ஒரே வாக்கியத்தில் குடிமக்களாக ஏற்கிறது.

2. மறுத்தவர்கள்: சட்டத்தின் முகவுரை வரலாற்றுப் பாடம் அல்ல. அது உறுப்பினர் யார் என்று சொல்லும் இடம். அங்கே ஒரு மதத்தின் பெயரை எழுதினால் மற்றவர் விருந்தாளி ஆகிவிடுவார். பிரான்சும் பெல்ஜியமும் இதில் உறுதியாக நின்றன.

2004 மே மாதம் ஏழு நாடுகள் சேர்ந்து கடைசி முயற்சியாக ஒரு கடிதம் எழுதின: இத்தாலி, போலந்து, லித்துவேனியா, மால்டா, போர்ச்சுகல், ஸ்லோவாக்கியா, செக் குடியரசு. இந்தப் பட்டியலில் கடைசிப் பெயரைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவிலேயே மத ஈடுபாடு மிகக் குறைந்த சமூகங்களில் ஒன்று செக். கோயிலுக்குப் போகிறவர்களின் எண்ணிக்கைக்கும் மரபைக் கோருகிறவர்களின் குரலுக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

கடிதம் பலிக்கவில்லை. 2004 அக்டோபர் 29 அன்று ரோமில், கேபிடோல் குன்றின் மாளிகையில் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். கிறித்தவத்தின் பெயர் இல்லாத அந்த ஆவணம் கையெழுத்தான மண்டபத்தில் திருத்தந்தை பத்தாம் இன்னசென்டின் வெண்கலச் சிலை கை நீட்டி அமர்ந்திருக்கிறது. முப்பதாண்டுப் போரை முடித்த 1648-இன் வெஸ்ட்ஃபேலியா உடன்படிக்கையைச் செல்லாது என்று கண்டித்தவர் அவர்.

அரசமைப்பு பிறக்கவே இல்லை. 2005-இல் பிரான்சும் நெதர்லாந்தும் பொது வாக்கெடுப்பில் தள்ளிவிட்டன, மதக் காரணத்துக்காக அல்ல. அதன் பெரும்பகுதி லிஸ்பன் உடன்படிக்கையாக 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. "பண்பாட்டு, சமய, மனிதநேய மரபு" என்ற தொடர் அதில் இருக்கிறது. சண்டையில் யாரும் அதிகம் பேசாத இன்னொரு பிரிவும் இருக்கிறது: சபைகளுக்கு ஒவ்வொரு நாட்டிலும் உள்ள சட்ட நிலையை ஒன்றியம் தொடாது, அவற்றோடு முறையாகப் பேச்சு நடத்தும் என்ற 17-ஆம் பிரிவு. முகவுரையில் இல்லாத சட்டப் பயன் இதில் உண்டு. ஊர் கூடி வாசல் தோரணத்துக்குச் சண்டை போட்டபோது வீட்டுப் பத்திரம் அமைதியாகப் பதிவானது.

மொழிபெயர்ப்பில் ஒளிந்த சமரசத்தையும் சொல்லியாக வேண்டும். ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் சாசனம் 2000-இல் எழுதப்பட்டபோதே இதே தகராறு வந்தது. "சமய மரபு" என்ற சொல் கூடாது என்றது பிரான்சு. இன்று அதன் பிரெஞ்சு வடிவம் "ஆன்மிக, அறநெறி மரபு" என்கிறது. ஜெர்மன் வடிவத்தைத் திறந்தால் "ஆன்மிக-சமய, அறநெறி மரபு" என்று இருக்கிறது. இரண்டும் சம மதிப்புள்ள மூலப் பாடங்கள். பாரிஸில் இல்லாத சமயம் பெர்லினில் இருக்கிறது. ஒப்பிட்டுப் படிக்காதவரை எல்லாருக்கும் திருப்தி.

பள்ளிச் சுவரும் அலுவலக வாசலும்

முகவுரையில் சொல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாருடைய அன்றாடமும் மாறாது. சுவரில் சிலுவை இருப்பது அப்படியல்ல. பிள்ளை தினமும் பார்க்கும்.

இத்தாலியின் அரசுப் பள்ளி வகுப்பறைகளில் சிலுவை மாட்டும் வழக்கம் 1920-களின் அரச ஆணைகளில் நிற்கிறது. பதுவா நகரை அடுத்த அபானோ தெர்மேயில் 2002-இல் ஒரு தாய் இதை எதிர்த்தார். இத்தாலிய நீதிமன்றங்கள் சொன்ன பதிலைக் கூர்ந்து படிக்க வேண்டும். சிலுவை இத்தாலிய வரலாற்றின், பண்பாட்டின் சின்னம். சமத்துவம், சகிப்பு, ஏன், அரசின் மதச்சார்பின்மைக்கே அது அடையாளம். ஆகவே மதச்சார்பற்ற பள்ளியில் இருக்கலாம் என்றன. சிலுவையைச் சுவரில் காப்பாற்ற, அதில் அறையப்பட்டவரை இறக்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஸ்ட்ராஸ்பூர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009-இல் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது; ஏழு நீதிபதிகளும் ஒருமனம். இத்தாலி முழுவதும் கொந்தளித்தது. மேல்முறையீட்டில் பத்து நாடுகள் இத்தாலிக்கு ஆதரவாக வந்தன. அவற்றில் எட்டு நாடுகளின் சார்பில் வாதாடியவர் சட்டப் பேராசிரியர் ஜோசப் வைலர், சமய நெறி வழுவாத யூதர். வெறும் சுவரும் நடுநிலை இல்லை, அதுவும் ஒரு நிலைப்பாடு என்பது அவர் வாதத்தின் மையம். 2011 மார்ச் 18 அன்று பெரிய அமர்வு 15-க்கு 2 என்ற கணக்கில் இத்தாலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இத்தாலிய நீதிமன்றங்களைப் போலச் சுற்றி வளைக்காமல், சிலுவை முதன்மையாக மதச் சின்னம்தான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அது செயலற்ற சின்னம். பாடம் நடத்துவது போலப் பிள்ளைகள்மீது செல்வாக்குச் செலுத்தாது. மாட்டுவதும் கழற்றுவதும் அந்தந்த நாட்டின் முடிவு என்றது.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் கதை இன்னும் ஒரு படி போனது. முதல்வர் மார்க்குஸ் ஸோய்டரின் அரசு 2018 ஜூன் 1 முதல் மாநில அரசு அலுவலகங்கள் ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் சிலுவை மாட்ட உத்தரவிட்டது. காரணமாக உத்தரவு சொன்னது பவேரியாவின் வரலாற்று, பண்பாட்டுத் தடம். சில மாதங்களில் தேர்தல். எதிர்ப்பு மதச்சார்பற்றவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. மியூனிக் பேராயர் கர்தினால் ரைன்ஹார்ட் மார்க்ஸ், சிலுவையை வெறும் பண்பாட்டுச் சின்னமாகப் பார்ப்பவர் அதைப் புரிந்துகொள்ளவில்லை, இது அரசு சிலுவையை உடைமையாக்கிக்கொள்வது என்று கண்டித்தார். சிலுவை மாட்டியதற்கு அரசைக் கர்தினால் திட்டுகிறார் என்ற செய்தி வந்தபோது பலர் குழம்பினார்கள். மேலே பிரித்த மூன்று சொற்களை நினைவில் வைத்தால் குழப்பம் இல்லை: அடையாளத்துக்காக மரபைப் பயன்படுத்தினார்கள், நம்பிக்கையின் காவலர் கோபப்பட்டார். 2023 டிசம்பரில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது.

வேலிக்குப் பயன்படும்போது

மரபை உள்ளே பார்த்துப் பேசுவதும் வெளியே காட்டிப் பேசுவதும் வேறு. முகவுரைச் சண்டை நடந்த அதே ஆண்டுகளில் துருக்கி ஒன்றியத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. துருக்கி உள்ளே வந்தால் அது ஐரோப்பாவின் முடிவு என்று 2002 நவம்பரில் சொன்னவர் வேறு யாருமல்ல, கிறித்தவத்தின் பெயரை எழுத மறுத்த குழுவின் தலைவர் ஜிஸ்கார் தெஸ்தேன்தான். எழுத்தில் மதம் வேண்டாம். எல்லை எங்கே முடிகிறது என்ற கேள்வி வந்தால் அந்த நடுநிலை தளர்கிறது.

2015-இல் சிரியப் போருக்குத் தப்பி அகதிகள் பெருமளவில் வந்தபோது ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பான் ஐரோப்பாவின் வேர் கிறித்தவம் என்பதை வேலிக்கான காரணமாக வைத்தார். ஹங்கேரியின் அடிப்படைச் சட்டம் நாட்டைக் காத்ததில் கிறித்தவத்தின் பங்கை ஏற்கெனவே போற்றியிருந்தது. 2018 திருத்தம் கிறித்தவப் பண்பாட்டைக் காப்பது அரசின் ஒவ்வோர் உறுப்புக்கும் கடமை என்றே எழுதிவிட்டது. சட்டம் காக்கச் சொல்வது நம்பிக்கையை அல்ல, பண்பாட்டை. அடுத்தவரை நேசி என்பது எந்தப் பட்டியலில் வரும் என்று சட்டம் சொல்லவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2016 ஏப்ரலில் கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவிலிருந்த அகதி முகாமுக்குப் போய்த் திரும்பும்போது தம் விமானத்தில் 12 சிரிய அகதிகளை ரோமுக்குக் கூட்டி வந்தார். அனைவரும் முஸ்லிம்கள். அவர் எடுத்துக்காட்டியதும் கிறித்தவ மரபுதான்.

மறுபக்கத்துத் தடுமாற்றத்தையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. 2021-இல் ஐரோப்பிய ஆணையத்தின் உள்வழிகாட்டி ஒன்று, எல்லாரும் கிறித்தவர் என்று எண்ணி "கிறிஸ்துமஸ் காலம்" என்று எழுதாமல் "விடுமுறைக் காலம்" என்று எழுதலாம் என யோசனை சொன்னது. வெளியே கசிந்ததும் எழுந்த எதிர்ப்பில் ஆணையம் அதை நவம்பர் இறுதியில் திரும்பப் பெற்றது. யாரையும் புண்படுத்தாதிருக்க எடுத்த முயற்சி, மரபு களவாடப்படுகிறது என்போருக்குக் கையில் தடி கொடுத்ததுதான் மிச்சம்.

கூரைக்கு யார் பணம் கொடுப்பது?

பிரான்சின் 1905 சட்டம் குடியரசு எந்த மதத்தையும் ஏற்காது, சம்பளம் தராது, மானியம் தராது என்கிறது. அதே சட்டத்தின் விளைவாக, அதற்கு முன் கட்டப்பட்ட பேராலயங்கள் அரசுக்கும் ஊர்க் கோயில்கள் ஊராட்சிகளுக்கும் சொந்தம். சபைக்கு வழிபடும் உரிமை மட்டும். ஆகவே ஞாயிறு பூசைக்குப் பத்துப் பேர் வரும் ஊரில்கூட ஒழுகும் கூரையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர் பங்குத்தந்தை அல்ல, மேயர். அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவராகவும் இருக்கலாம்.

பிரான்சின் கிழக்கு எல்லையிலுள்ள அல்சாஸ் பகுதியில் இன்னொரு விநோதம். 1905-இல் அது ஜெர்மனியின் கையில் இருந்ததால் அந்தச் சட்டம் அங்கே போகவில்லை. திரும்பி வந்தபோதும் பழைய ஏற்பாடு தொடர்ந்தது. கத்தோலிக்கக் குருமார், சீர்திருத்தச் சபைப் போதகர், யூத ரபி ஆகியோருக்கு மதச்சார்பற்ற குடியரசே இன்றும் சம்பளம் தருகிறது. சிலுவை வழக்கை விசாரித்த நீதிமன்றம் இருக்கும் ஸ்ட்ராஸ்பூர்க் அல்சாஸின் தலைநகரம்.

2019 ஏப்ரல் 15 மாலை பாரிஸின் நோத்ர தாம் பேராலயக் கூரை எரிந்து விழுந்தது. 150 நாடுகளிலிருந்து 3,40,000 பேர் அனுப்பிய சுமார் 84 கோடி யூரோவில் அது மீண்டும் எழுந்தது. 2024 டிசம்பர் 7 அன்று திறப்பு. மத எல்லையை மதிக்கும் விதமாக அதிபர் மக்ரோன் வெளியே முற்றத்தில் பேசுவதாகத்தான் ஏற்பாடு. புயல் எச்சரிக்கை வந்ததால் உள்ளே பேசினார்.

திறப்புக்குச் சில வாரங்களுக்கு முன் பண்பாட்டு அமைச்சர் ரஷிதா தத்தி ஒரு யோசனை சொன்னார். பேராலயத்தைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணியிடம் ஐந்து யூரோ டிக்கெட் வாங்கினால் ஆண்டுக்கு ஏழரைக் கோடி யூரோ கிடைக்கும். நாடு முழுவதும் சிதைந்துவரும் தேவாலயங்களைப் பழுதுபார்க்கலாம். பாரிஸ் மறைமாவட்டம் மறுத்தது. வழிபட வருபவர், பார்க்க வருபவர் என்று வாசலில் பிரிக்க முடியாது; பூசை நடக்கும்போதே சுற்றிப் பார்ப்பவர்களும் நடந்துகொண்டிருப்பார்கள் என்றது. நுழைவு இன்றும் இலவசம்.